மரக்கரியும் நீர்த்தூய்மையும்: நாற்றம் நீக்கலும் நுண்ணுயிர் எண்ணலும்

கரி நீரைத் தூய்மைப்படுத்தும் என்னும் கூற்று, எக்காலத்திற்கும் ஒரே பொருளுடையதாக வரலாற்று எழுத்துகளில் ஆளப்படுகிறது. ஆயின் தூய்மையை எதனால் அறிந்தனர் என்பது காலந்தோறும் மாறியுள்ளது. இதனைக் கருதாது பழஞ்சான்றுகளைப் படிப்பின், அவை கூறாத பாக்டீரியா நீக்கத்தை அவற்றின்மேல் ஏற்றிவிடுவோம்.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் மருந்தாளுநராக இருந்த தோபியாஸ் லோவிட்ஸ், டார்டாரிக் அமிலக் கரைசலின் பழுப்பு நிறத்தைக் கரித்தூள் அகற்றுவதை 1785இல் கண்டார். பின்னர் நாற்றமெடுத்த நீரிலும் அதனைச் சோதித்தார். கப்பல் நீரில் கரித்தூளுடன் சிறிது கந்தக அமிலமும் சேர்க்கப் பரிந்துரைத்தார். நுண்ணுயிர்களைத் தாக்கியிருக்கக்கூடியது அவ்வமிலமே. புகழோ கரிக்குச் சென்றது. குரூசென்ஸ்டெர்னின் 1803–1806 உலகப் பயணத்தில் உட்புறம் கருக்கிய மரப்பீப்பாய்களில் நீர் சேமிக்கப்பட்டது. அங்கும் நீரின் நன்மைக்குச் சான்று மாலுமிகளின் நாவும் மூக்குமே.

தீநாற்றமே நோய்க்கு முதல் என்று நம்பிய காலத்தில் நாற்றம் நீக்கும் பொருள் நோயையும் நீக்கும் எனக் கொண்டதில் வியப்பில்லை. 1854இல் ஜான் ஸ்டென்ஹவுஸ் கரி நிரப்பிய சுவாசக் கவசத்தை அமைத்தது இந்நம்பிக்கையின் வழியேதான். அதே ஆண்டில் ஜான் ஸ்னோ லண்டன் பிராட் தெருவின் நீரேற்றுக் குழாயைக் காலராவோடு தொடர்புபடுத்தினார்.

ராபர்ட் கோக்கின் ஜெலட்டின் தட்டு முறை வந்தபின்னரே வடிகட்டிகளை எண்ணிக்கையால் மதிப்பிட இயன்றது. 1885இல் பெர்சி ஃபிராங்க்லாண்ட் அம்முறையால் பல வடிபொருள்களைச் சோதித்தார். எலும்புக்கரி தொடக்கத்தில் நுண்ணுயிர்களை முழுமையாகத் தடுத்தது. ஏறத்தாழ ஒரு மாதத்தில் அவ்வாற்றலை இழந்தது. நிலக்கரியிலிருந்து பெறும் கோக் அதே காலத்திற்குப் பின்னும் பெரும்பகுதியைத் தடுத்தது. இவை மரக்கரி அல்ல. எனவே இம்முடிவுகளை அப்படியே மரக்கரிக்குப் பொருத்தலாகாது. எனினும் புதிய வடிகட்டியின் திறனை அதன் நிலையான பண்பாகக் கொள்ளலாகாது என்பது மரக்கரிக்கும் பொருந்தும்.

காரணம் கரியின் அமைப்பிலேயே உள்ளது. நிறத்தையும் நாற்றத்தையும் கவரும் நுண்துளைகள் நானோமீட்டர் அளவின. பாக்டீரியாவோ ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர். அது துளைக்குள் புகாது, புறப்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். கரி கவர்ந்து வைத்த கரிமப்பொருளே அதற்கு உணவாகிறது. நாற்றத்தைப் போக்கும் பண்பே நுண்ணுயிருக்குச் சோறிடுகிறது. இன்றைய தேங்காய்ச் சிரட்டைக் கரி வடிகட்டிகள் சிலவற்றில் வெள்ளி சேர்க்கப்படுவது, கரியினுள் நிகழும் இப்பெருக்கத்தைத் தடுப்பதற்காகவே.