திருவிதாங்கூரில் கிறிஸ்தவ வாலிபர் தலைவர் பயிற்சி

வாலிபர் தலைவர் பயிற்சி என்பது சபையின் வாலிபர் சங்கத்தை நடத்தும் இளைஞரை வேதபாடம், சமூக சேவை, கூட்டுறவு, உடற்பயிற்சி ஆகியவற்றில் பழக்குவது. திருவனந்தபுரமும் அதற்குத் தெற்கே நாகர்கோவில் வரையிலான தமிழ்ப் பகுதியும் 1956 நவம்பர் 1 வரை ஒரே ஆட்சியின் கீழ் இருந்ததால், இரண்டின் வாலிப ஊழிய வரலாற்றையும் பிரித்துச் சொல்ல முடியாது.

இந்த ஊழியத்துக்கு உருவம் கொடுத்தவை வெளிநாட்டு இயக்கங்கள். இலண்டனில் 1844இல் ஜார்ஜ் வில்லியம்ஸ் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. (கிறிஸ்தவ வாலிபர் சங்கம்), டேவிட் மக்கானகியின் முயற்சியால் 1890இல் சென்னையில் வேரூன்றியது. அமெரிக்காவின் போர்ட்லாண்டில் 1881இல் பிறந்த கிறிஸ்தவ முயற்சி சங்கம், ஜெபிக்கவும் கூட்டம் நடத்தவும் வாலிபர்களையே முன்னிறுத்தியது. ஆனால் பயிற்சி இந்தியர் கைக்கு வந்த பிறகுதான் அது மண்ணில் ஒட்டியது. வெள்ளாளன்விளையில் பிறந்த வே.ச. அசரியா ஒய்.எம்.சி.ஏ. செயலராகத் தென்னிந்திய ஊர்களைச் சுற்றியவர். அந்த அனுபவத்தோடுதான் 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் உருவாக உழைத்தார். பின்னர் 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

சேலத்தில் பிறந்த கே.டி. பால் 1916இல் ஒய்.எம்.சி.ஏ.வின் தேசியப் பொதுச் செயலரானார். அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவரே. நாட்டின் பெரும்பாலான வாலிபர்கள் கிராமத்தில் இருக்க, சங்கம் மட்டும் நகரத்தில் இருப்பது அவருக்கு ஒப்பவில்லை. அவர் வளர்த்த ஊரகப் பணியின் மிகச் சிறந்த விளைச்சல் மார்த்தாண்டம். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தெற்கே உள்ள இவ்வூரில், 1920களில் அமெரிக்க வேளாண் அறிஞர் டி. ஸ்பென்சர் ஹாட்ச் ஊரகப் புனரமைப்பு மையத்தை நடத்தினார். ஆவி, அறிவு, உடல், சமூகம், பொருளாதாரம் என ஐந்து பக்கமும் வளர்ந்தால்தான் மனிதன் வளர்வான் என்பது மையத்தின் கொள்கை.

அம்மையத்தில் ஆண்டுதோறும் சில வாரங்கள் நடந்த பயிற்சிப் பள்ளிக்கு வெளியூர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். காலையில் வேதம் வாசித்தவர்கள் பிறகு தேன்பெட்டியைத் திறக்கவும், நல்ல இனக் கோழி வளர்க்கவும், முட்டையைத் தரம் பிரித்துக் கூட்டுறவாக விற்கவும் கற்றார்கள். செய்துகாட்டத் தெரியாதவனுக்கு அங்கே தலைவன் என்ற பெயர் கிடையாது. உதவி எந்த மதத்தாருக்கும் பொதுவாக இருந்தது; ஏழைக்கே முதலிடம். ஆனால் இலவசமாக எதையும் அள்ளிக் கொடுப்பதில்லை. தன் கையை ஊன்றி எழ ஆலோசனை சொல்வதே வழி. இந்த அனுபவத்தை ஹாட்ச் 1932இல் ஆங்கில நூலாக எழுதினார். சபை வாலிபர் பயிற்சிக்கு இதைவிட முழுமையான முன்மாதிரி தென்னிந்தியாவில் இல்லை. மார்த்தாண்டம் தேன் 2023இல் புவிசார் குறியீடு பெற்றபோது இந்த வரலாறும் நினைக்கப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்த தலைமுறை அரசியலையும் பயிற்சிக்குள் கொண்டுவந்தது. திருவனந்தபுரத்தில் வேதியியல் படித்த எம்.எம். தாமஸ், முறையான இறையியல் பட்டப் படிப்பு இல்லாமலே உலகறிந்த இறையியலாளரானார். 1968 முதல் 1975 வரை உலகத் திருச்சபைகள் மன்றத்தின் மத்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். மாணவர் இயக்கமும் வாலிபர் சங்கமுமே அவருக்குப் பள்ளிக்கூடங்கள். இதே தலைமுறையின் காலத்தில்தான் உலகக் கிறிஸ்தவ இளைஞர் மாநாடு 1952 டிசம்பரில் கோட்டயத்தில் கூடியது. ஆம்ஸ்டர்டாம், ஆஸ்லோ நகரங்களுக்குப் பிறகு மூன்றாவதாக நடந்த அம்மாநாடு, ஆசியாவில் நடந்த முதல் மாநாடு.

தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவான பின் பயிற்சிப் பொறுப்பு மெல்லத் திருமண்டலங்களுக்கு மாறியது. விடுமுறை வேதாகமப் பள்ளியும் முகாமும் அதன் முக்கிய வடிவங்களாயின. அப்பள்ளிகளில் ஊழியஞ்செய்த வாலிபர்களின் ஜெபக் கூடுகைகளிலிருந்தே 1959இல் நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு தோன்றி, வட இந்தியாவுக்கு மிஷனரிகளை அனுப்பும் பெரிய இயக்கமானது.

இன்று பல சேகரங்களில் தலைவர் பயிற்சி என்பது பாட்டு, மேடைப் பேச்சு, விளையாட்டுப் போட்டி என்ற அளவில் நின்றுவிடுகிறது. வேலை தேடும் பட்டதாரிக்கும், வளைகுடாவுக்குப் புறப்படும் இளைஞனுக்கும், குடியில் சிக்கிய தோழனுக்கும் அது போதாது. அடுத்த வாலிபர் முகாமுக்கு நிரல் எழுதுவோர், சேகரத்து வீடுகளுக்குப் போய் மக்களின் தேவையைக் கேட்டுவர ஒரு முழு நாளையாவது அதில் ஒதுக்க வேண்டும்.