புரிவீதமும் குண்டின் எடையும்

ரைஃபிள் குழலின் உட்சுவரில் திருகுபோல் ஓடும் சால்களுக்குப் புரி என்று பெயர். சுடும்போது குண்டு அந்தப் புரியில் பிடிபட்டு, சுழன்றுகொண்டே வெளியேறுகிறது. புரி ஒரு முழுச் சுற்றுச் சுற்ற எத்தனை அங்குலம் எடுத்துக்கொள்கிறதோ அதுவே புரிவீதம். குறிசுடுவோர் இதை ‘ட்விஸ்ட்’ என்பார்கள். 1:12 என்றால் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று, 1:7 என்றால் 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று. எண் சிறுத்தால் சுழற்சி கூடும்.

எந்த எடைக் குண்டுக்கு எந்தப் புரிவீதம் பொருந்தும் என்றுதான் வழக்கமாகக் கேட்கிறார்கள். ஆனால் இங்கே முதன்மையானது எடையல்ல, நீளம். நீண்ட குண்டு பறக்கையில் காற்றின் அழுத்தம் அதன் எடைமையத்துக்கு முன்னால் விழுந்து, மூக்கைப் புரட்டிவிடப் பார்க்கிறது. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல், சுழற்சிதான் குண்டைக் கவிழாமல் காக்கிறது. குண்டு நீள நீளப் புரட்டும் விசையும் வலுக்கும். அதற்கேற்பச் சுழற்சியும் விரைய வேண்டும். ஒரே விட்டமுள்ள ஈயக் குண்டில் எடையைக் கூட்ட நீளத்தைக் கூட்டுவதே வழி என்பதால், எடை நீளத்துக்குப் பதிலாளாக வழக்கில் நின்றுவிட்டது.

புரி வெட்டிய குழல்கள் 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஜெர்மானிய நிலப்பகுதிகளில் வந்துவிட்டன. அவை ஏன் நேராகச் சுடுகின்றன என்று கணித அறிவோடு ஆராய்ந்தவர் ஆங்கிலேயரான பெஞ்சமின் ராபின்ஸ். பீரங்கியியல் பற்றிய அவருடைய நூல் 1742இல் வெளிவந்தது. மூன்றே ஆண்டில் கணிதவியலாளர் ஆய்லர் அதை விரிவான குறிப்புகளோடு ஜெர்மனில் கொண்டுவந்தார். புரிக்குழலின் இயல்பை நன்கறிந்து அதைப் படைக்குப் பழக்கும் நாடு மற்றவற்றை விஞ்சும் என்று 1747இலேயே ராபின்ஸ் சொன்னார். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக இந்தியாவுக்கு வந்து, 1751இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தின் செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலால் இறந்தார். துப்பாக்கி அறிவியலின் முன்னோடி ஒருவரின் வாழ்வு தமிழ் மண்ணில் முடிந்தது என்பது இங்கே பலர் அறியாத செய்தி.

ராபின்ஸ் காலத்துக் குண்டு உருண்டை. உருண்டைக்குப் புரட்ட மூக்கு இல்லை, மெதுவான சுழற்சியே போதும். 19ஆம் நூற்றாண்டில் குண்டு நீண்ட பிறகுதான் புரிவீதம் பெரும் சிக்கலானது. 1853ஆம் ஆண்டு என்ஃபீல்டு ரைஃபிளின் குழல் விட்டம் 0.577 அங்குலம், புரிவீதம் 1:78. அதை மேம்படுத்த ஆய்வு செய்த மான்செஸ்டர் பொறியாளர் ஜோசப் விட்வொர்த், 0.451 அங்குல அறுகோணக் குழலில் 1:20 என்ற வேகமான புரியை வைத்தார். இரண்டு குண்டும் ஏறத்தாழ ஒரே எடை, 530 கிரெய்ன் (ஒரு கிராம் சுமார் 15.4 கிரெய்ன்). எடை மாறவில்லை; விட்டம் சுருங்கியதால் குண்டு நீண்டது, நீண்டதால் புரி விரைந்தது. 1857இல் ஹைத் நகரில் நடந்த ஒப்பீட்டில், 500 கெஜத்தில் என்ஃபீல்டின் சராசரி விலகல் 2.24 அடி, விட்வொர்த்துக்கு 0.37 அடி. 1,400 கெஜத்தில் என்ஃபீல்டு இலக்கைத் தொடவே இல்லை. நீளத்தின் பங்கை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை அரிது.

அனுபவத்தால் அறிந்ததை 1879இல் வாய்பாடாக்கியவர் வுல்விச் படைத்துறைக் கல்விக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் ஜார்ஜ் கிரீன்ஹில். விட்டத்தின் வர்க்கத்தை 150ஆல் பெருக்கி நீளத்தால் வகுத்தால் புரிவீதம் அங்குலத்தில் கிடைக்கும். மிக விரைந்த குண்டுகளுக்கு 150க்குப் பதில் 180. வாய்பாட்டில் எடைக்கு இடமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

கணக்கு கையில் இருந்தும் தவறுகள் நேர்ந்தன. 1955இல் அமெரிக்காவில் ஒரே விட்டக் குண்டுக்கு இரண்டு தோட்டாக்கள் போட்டியிட்டன. ரெமிங்டன் தன் .244க்கு இலேசான குண்டுகளை மனதில் வைத்து 1:12 புரி தந்தது, வின்செஸ்டர் தன் .243க்கு 1:10. மான் வேட்டைக்காரர்கள் கேட்டதோ 100 கிரெய்ன் குண்டு. .243 விற்றது, .244 தேங்கியது. ரெமிங்டன் புரியை 1:9 ஆக்கி, 1963இல் பெயரையும் மாற்றிப் பார்த்தது. இழந்த இடம் திரும்பவில்லை.

ஏஆர்-15 ரைஃபிளின் கதை இன்னும் பாடமானது. தொடக்கத்தில் அதன் புரி 1:14. கடுங்குளிரில் காற்று அடர்ந்தபோது 55 கிரெய்ன் குண்டு தடுமாறியது. 1963இல் 1:12 ஆக்கினார்கள். அக்குண்டின் 0.74 அங்குல நீளத்தை 0.224 அங்குல விட்டத்தோடு கிரீன்ஹில் கணக்கில் 180ஐக் கொண்டு இட்டால் வருவதும் ஏறக்குறைய 12தான். நேட்டோ நாடுகள் 1980இல் 62 கிரெய்ன் குண்டுக்கு மாறின. அதற்கு 1:9 போதும். ஆனால் கூடவே வந்த ஒளிக்கோட்டுக் குண்டு (ட்ரேசர்) மிக நீளம் என்பதால், ஏஆர்-15இன் வழிவந்த எம்16ஏ2 ரைஃபிளுக்கு 1:7 தேவைப்பட்டது.

அப்படியானால் எப்போதும் வேகமான புரியையே வைக்கலாமே என்றால், அதற்கும் விலை உண்டு. எந்தக் குண்டும் முழுச் சமன் உடையதல்ல. சுழற்சி மிகுந்தால் சிறு கோணலும் பெரிய விலகலாகும். 1:7 குழலிலிருந்து நொடிக்கு 3,000 அடி வேகத்தில் கிளம்பும் குண்டு நிமிடத்துக்கு மூன்று லட்சம் முறைக்கு மேல் சுழலும். மெல்லிய உறைக் குண்டுகள் அதில் வழியிலேயே சிதறுவதுண்டு. அதனால்தான் மேசைமீது துப்பாக்கியைத் தாங்கிச் சுடும் போட்டியாளர்கள் இலேசான குண்டும் 1:14 போன்ற மெதுவான புரியும் விரும்புகிறார்கள்.

இன்று பலரும் கையாள்வது டான் மில்லரின் வாய்பாடு. குண்டு எவ்வளவு உறுதியாகப் பறக்கும் என்பதை அது ஒரு நிலைப்பு எண்ணாகத் தருகிறது. அந்த எண் 1க்குக் கீழே போனால் குண்டு கவிழ்ந்து, இலக்குத் தாளில் வட்டத் துளைக்குப் பதில் நீள்கிழிசல் விழும், 1.5 அளவில் இருப்பது நல்லது. எடையை மட்டும் பார்க்கும் பழக்கம் இப்போது மேலும் ஆபத்தானது. கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது. மாற்றாக வரும் செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. எனவே அதே 150 கிரெய்ன் குண்டு செம்பில் நீளமாகிவிடும். செம்புக் குண்டு வாங்குபவர் பெட்டியில் அச்சிட்ட எடையோடு நின்றுவிடாமல், குண்டின் நீளத்தையும் அளந்து தம் குழலின் புரிவீதத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும்.