ஹலோ... மைக் டெஸ்ட்டிங்!

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் குடவோலைக் கல்வெட்டைப் பற்றிப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி.921. முப்பது குடும்புகள், குடத்துக்குள் ஓலை, தேர்தல்... தெரிந்த கதைதான். ஆனால், அதே கல்வெட்டில் நாம் தாண்டிப் போய்விடுகிற ஒரு விஷயம் உண்டு. அன்றைக்கு அங்கே ஒரு 'மைக் செட்' இருந்திருக்கிறது!

சிரிக்காதீங்க. நடைமுறையைப் பாருங்கள். சபை கூடுகிறது. வயதில் மூத்த நம்பியார் ஒருவர், குடத்தை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடிக்கிறார். விவரம் தெரியாத ஒரு சின்னப் பையன் ஓலையை எடுக்கிறான். மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில் அதை வாங்கி வாசிக்கிறார். அதோடு முடியவில்லை. உள்மண்டபத்தில் இருக்கும் நம்பிமார் அத்தனை பேரும் அதே ஓலையைத் திரும்ப வாசிக்க வேண்டும். அப்புறம்தான் பெயர் எழுதப்படும். தில்லுமுல்லு நடக்கக் கூடாது என்பது ஒரு பக்கம். கூடியிருக்கிறவர்களுக்குப் பெயர் காதில் விழ வேண்டுமே, அது இன்னொரு பக்கம். ஒரு குரல் போதாத இடத்தில் பல குரல்!

இதே உத்தி கூத்திலும் இருக்கிறது. காஞ்சிபுரம், செய்யாறு, திருவண்ணாமலை வட்டாரம் முழுக்கக் கூத்து மண். 1990-ல் கலைஞர்கள் சேர்ந்து காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துச் சங்கமே அமைத்தார்கள். வேஷக்காரர் ஒரு அடி பாடுவார். பின்பாட்டுக்காரர்கள் அதைத் திருப்பிப் பாடுவார்கள். கூடவே 'கீச்'சென்று முகவீணை. ஏன் அவ்வளவு உச்ச ஸ்தாயி? மனிதக் காது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைத்தான் மிகக் கூர்மையாகப் பிடிக்கும். இந்தக் கணக்கைப் படிக்காமலேயே நம் ஆட்கள் கருவியைச் செய்துவிட்டார்கள்.

இனி கொஞ்சம் கடல் தாண்டுவோம். 1915, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவில் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதாம் என்ற இருவர் ஒரு பெருங்கூட்டத்துக்குத் தங்கள் ஒலிபெருக்கியைப் போட்டுக் காட்டினார்கள். பெயர் 'மேக்னவாக்ஸ்'. லத்தீனில் 'பெரிய குரல்'. 1919-ல் சான் டியேகோ மைதானத்தில் அதிபர் உட்ரோ வில்சன் அதில்தான் பேசினார். நம் ஊரில் 1930-களில் நானிக் மோட்வானியின் 'சிகாகோ ரேடியோ' ஒலிபெருக்கிகள், பல காங்கிரஸ் கூட்டங்களில் காந்தியின் குரலைக் கடைசி வரிசை வரை கொண்டு போயின.

பிற்பாடு, கரன்ட் வந்த கிராமங்களில் குழாய் ஸ்பீக்கரும் வந்தது. கல்யாணமா, காதுகுத்தா, அம்மனுக்குக் கூழா... புளிய மரத்தில் குழாய் ஏறிவிடும்!

அந்தக் குழாய்க்கு ஏன் அத்தனை மவுசு? உள்ளே இருக்கும் யூனிட்டில் சின்னத் தகடு ஒன்று அதிரும். தகட்டின் அதிர்வைக் காற்றுக்குள் வீணாகாமல் தள்ளுவது குழாயின் வேலை. கொஞ்சம் வாட்ஸிலேயே எக்கச்சக்க சத்தம். ஆனால், சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதற்கு வராது. மிருதங்கத்தின் இடது பக்கம் 'தொம்' என்று விழுந்தால், குழாயில் 'டப்' என்றுதான் கேட்கும். பேச்சு தெளிவாகும், பாட்டு இளைத்துப் போகும். பெட்டி ஸ்பீக்கர் நேர் எதிர். அடி நாதம் கிடைக்கும், தூரம் போகாது.

'தூரம் போகணும், அதானே முக்கியம்?' என்கிறீர்களா? இங்கேதான் கதை திரும்புகிறது.

1998 ஜனவரியில் பத்திரிகைகளில் ஒரு செய்தி. 13 வயதுச் சிறுமி ஒருத்தி பலாத்காரம் செய்யப்பட்டாள். அவள் கத்தினாள். பக்கத்தில் அலறிக்கொண்டிருந்த ஒலிபெருக்கிச் சத்தத்தில் அந்தக் கதறல் யாருக்கும் கேட்கவில்லை. அன்று மாலையே அவள் தீக்குளித்து இறந்துபோனாள். அந்தச் செய்திதான் ஒருவரை உச்ச நீதிமன்றத்துக்குப் போக வைத்தது. 2000-ல் மத்திய அரசின் ஒலி மாசு விதிகள் வந்தன. அந்த வழக்கில் 2005 ஜூலை 18-ல் தீர்ப்பு வந்தது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்காக மாநில அரசு வருடத்துக்கு 15 நாள் வரை நள்ளிரவு வரைக்கும் தளர்த்தலாம். 2010-ல் வந்த திருத்தம் இசைக் கருவிகளையும் இதில் சேர்த்துவிட்டது.

கூத்தோ விடிய விடிய நடப்பது. அர்ச்சுனன் தபசு மரத்தில் பாதி ஏறும்போதே மணி பன்னிரண்டு அடித்துவிட்டால்? யார் பக்கம் நிற்பீர்கள்? பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும், நெஞ்சு வலியோடு படுத்திருக்கிற தாத்தாவும் அதே ஊரில்தானே இருக்கிறார்கள்?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டர் தூரத்தில் 120 டெசிபல் தருகிற குழாய், 256 மீட்டர் தாண்டியும் 72 டெசிபல் தரும். அடுத்த தெருவில் யாரும் தூங்க முடியாது. 100 டெசிபல் தருகிற பெட்டியோ, 16 மீட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு 76 டெசிபல் தரும். கூத்து பார்க்க அது தாராளம். 256 மீட்டரில் 52-தான். குடியிருப்புப் பகுதிக்கு விதிகள் சொல்லும் பகல் நேர அளவான 55-க்கும் கீழே!

ஆக, 'எத்தனை வாட்ஸ்ணே?' என்று மைக் செட் கடையில் கேட்பதில் பெரிய அர்த்தமில்லை. வாட்ஸை இரண்டு மடங்காக்கினாலும் 3 டெசிபல்தான் கூடும். எத்தனை பேர், எவ்வளவு தூரத்தில் உட்காருவார்கள் என்று முதலில் எண்ணுங்கள். ஒரே பெரிய ஸ்பீக்கரை வைத்து அலற விடுவதைவிட, இரண்டு சின்னப் பெட்டிகளை ஸ்டாண்டில் தலைக்கு மேலே நிறுத்திக் கூட்டத்தைப் பார்க்கத் திருப்புவது மேல். மைக்குக்குப் பின்னால் வைக்காதீர்கள். 'குய்ங்ங்' என்று ஊளையிடும். கரன்ட் எட்டாத களத்துமேட்டுக்கு பேட்டரியில் ஓடுகிற, சக்கரம் வைத்த பெட்டிகள் வந்துவிட்டன. பேச்சு மட்டும்தான் என்றால் குழாயே போதும். அதைக் கூட்டத்தை நோக்கித் தாழ்த்திக் கட்டுங்கள்.

இதனால் மட்டும் இரவு முழுக்க அனுமதி கிடைத்துவிடாது. ஆனால், கூத்துக்கு விலக்கு கொடுங்கள் என்று கேட்கப் போகிறவர்கள், 'எங்கள் சத்தம் எங்கள் களத்தோடு நிற்கும்' என்று சொல்ல முடிய வேண்டும். மரத்து உச்சியில் குழாயைக் கட்டிக்கொண்டு அதைச் சொல்ல முடியாது.

உத்திரமேரூர் சபை, வந்தவர்களுக்குக் கேட்கத்தான் வாசித்தது. அடுத்த முறை திருவிழா வசூலுக்கு நோட்டுப் புத்தகத்தோடு வந்தால், பணத்தைக் கொடுத்துவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்...

''தம்பி, குழாய் எந்தப் பக்கம் பாத்துக் கட்டப் போறீங்க?''