காந்தம் ஈன்ற மின்சாரம்

1820ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஓர்ஸ்டெட், மின்சாரம் பாயும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்புவதைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். மின்சாரம் காந்த ஆற்றலைப் பிறப்பிக்கும் என்பது உறுதியாயிற்று. அவ்வாறாயின், காந்தமும் மின்சாரத்தைப் பிறப்பித்தல் வேண்டுமன்றோ? இவ்வினாவுக்கு விடை கிடைக்கப் பதினோராண்டுகள் ஆயின.

இக்காலத்தாழ்வுக்குக் காரணம் கருவிக் குறை அன்று. எதிர்பார்ப்பில் இருந்த பிழையே ஆகும். கம்பியருகே வலிய காந்தத்தை வைத்தால் மின்சாரம் இடையறாது ஓடும் என்றே பலரும் எண்ணினர். 1825இல் ஜெனீவா நகரத்துக் கொலாடன் கம்பிச்சுருளின் அருகே காந்தத்தை நகர்த்திப் பார்த்தார். காந்தம் நேரே ஊசியைத் தாக்கலாகாது என்று கருதி, மின்னோட்டங்காட்டியை வேறோர் அறையில் வைத்திருந்தார். அவர் நடந்து சென்று நோக்குமுன் ஊசி பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. மிகுந்த கவனமே அவருக்குத் தடையாயிற்று.

வெற்றி கண்டவர் மைக்கேல் ஃபாரடே. 1791இல் இங்கிலாந்தில் கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், புத்தகம் கட்டும் கடையில் தொழில் பயின்றார். கட்டுவதற்கு வந்த நூல்களைப் படித்தே அறிவியலில் நாட்டங்கொண்டார். ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுக் குறிப்புகளைத் தம் கையாலேயே நூலாகக் கட்டி அவருக்கு அனுப்பினார். 1813இல் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளராகச் சேர்ந்தார்.

1831 ஆகஸ்டு 29ஆம் நாள், இரும்பு வளையம் ஒன்றின் இரு பக்கங்களிலும் தனித்தனியே கம்பி சுற்றி, ஒரு சுருளை மின்கலத்தோடு இணைத்தார். மற்றச் சுருளோடு தொடர்புற்ற கம்பியருகே இருந்த ஊசி அக்கணமே அசைந்து, பின் ஓய்ந்தது. மின்சாரம் சீராக ஓடும்வரை அசைவில்லை. இணைப்பைத் துண்டித்தபோது மீண்டும் அசைந்தது. அந்தக் கணநேர அசைவை அவர் புறக்கணிக்கவில்லை. அக்டோபர் 17இல் காந்தத் தண்டைச் சுருளுக்குள் செலுத்தியும் வெளியே இழுத்தும் அதே விளைவைக் கண்டார். அக்டோபர் 28இல் காந்த முனைகளிடையே செப்புத் தட்டைச் சுழற்றித் தொடர்ந்த மின்னோட்டத்தையும் பெற்றார். அமெரிக்காவில் ஜோசஃப் ஹென்றி இவ்வுண்மையைத் தனித்துக் கண்டறிந்தாராயினும், ஃபாரடே முந்தி வெளியிட்டார்.

காந்தம் இருப்பதனால் மட்டும் மின்சாரம் எழுவதில்லை; சுருளை ஊடுருவும் காந்தப் புலம் மாறும்போதே எழுகிறது. மாற்றம் விரைவானால் மின்னழுத்தம் மிகும். சுற்றுகள் பெருகினாலும் மிகும். இதுவே மின்காந்தத் தூண்டல். இவ்வாறு எழும் மின்னோட்டம், தன்னைப் பிறப்பித்த மாற்றத்தையே எதிர்க்கும் என்று 1834இல் லென்சு நிறுவினார். ஆகவேதான், மின்னாக்கியைச் சுழற்ற உழைப்பு வேண்டியிருக்கிறது. அணையிலிருந்து விழும் நீரும் கொதிகலனில் எழும் நீராவியும் அவ்வுழைப்பைத் தருகின்றன.

அவ்விரும்பு வளையமே மின்மாற்றியின் முன்னோடியாகும். 1885இல் ஹங்கேரியப் பொறியாளர் மூவர் அதனைப் பயன்மிகு வடிவில் அமைத்தனர். உயர் அழுத்தத்தில் மின்சாரத்தைத் தொலைவுக்கு அனுப்பி, வீட்டருகே தணித்துத் தருவது மின்மாற்றியே. தூண்டல் அடுப்பு பாத்திரத்தின் அடிப்பகுதியிலேயே மின்னோட்டத்தை எழுப்பி அதனைச் சூடாக்குகிறது. கம்பியின்றிக் கைப்பேசிக்கு மின்னேற்றும் தட்டும் இவ்விதியின் வழியதே.

கொலாடன் ஆய்விலும் ஊசி அசைந்தே இருக்கும். அவ்வேளையில் அதனருகே பார்ப்பார் இல்லை. ஃபாரடேயின் ஆய்வுக்கூடத்தில் பார்ப்பவர் இருந்தார். அறிவியல் பயிற்றுவோரும் பயில்வோரும் மறவாதிருக்க வேண்டிய வேறுபாடு இதுவே.