அன்னாசிப்பூ: உண்ணத்தக்க இனமும் நச்சு இனமும்

சமையலில் பயன்படும் அன்னாசிப்பூ, இல்லிசியம் வேரம் என்னும் மரத்தின் உலர்ந்த கனியாகும். இதற்கு நெருங்கிய உறவுடைய இல்லிசியம் அனிசேட்டம் என்னும் ஜப்பானிய இனத்தின் கனி நச்சுத்தன்மை கொண்டது. அதிலுள்ள அனிசாட்டின் என்னும் பொருள் நரம்பு மண்டலத்தைத் தாக்கி வாந்தி, வலிப்பு ஆகியவற்றை உண்டாக்கும்.

இது ஏன் முக்கியம்?

குழந்தையின் வயிற்று வலிக்கு அன்னாசிப்பூ கொதித்த நீரைக் கொடுக்கும் வழக்கம் பல நாடுகளில் உள்ளது. இத்தகைய பானத்தை அருந்திய ஏறத்தாழ 40 பேர் நோயுற்றதையடுத்து, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2003 செப்டம்பரில் எச்சரிக்கை வெளியிட்டது. அவர்களுள் ஏறத்தாழ 15 பேர் கைக்குழந்தைகள்.

கண்ணால் பார்த்து அறிய இயலுமா?

உறுதியாக அறிய இயலாது. நச்சுக் கனி பொதுவாகச் சற்றுச் சிறியது. அதன் இதழ் போன்ற பகுதிகளின் நுனி வளைந்து கூர்மையாக இருக்கும். எனினும், உலர்ந்த கனிகளில் இவ்வேறுபாடுகள் தெளிவாகத் தெரிவதில்லை. பொடியாக்கியபின் முற்றிலும் மறைந்துவிடும்.

ஆய்வகம் எவ்வாறு பிரித்தறிகிறது?

பொடியாக்கினாலும் செல்களின் வடிவம் ஓரளவு எஞ்சியிருக்கும். எனவே, கனியின் நடுவிலுள்ள அச்சுப் பகுதியின் திசுவை நுண்ணோக்கியில் ஆராய்வர். உண்ணத்தக்க இனத்தில், தடித்த சுவருடன் நட்சத்திரம் போலக் கிளைத்த பெரிய செல்கள் காணப்படும். நச்சு இனத்தில் அவை இரா. சிறிய, உருண்டையான கல் செல்களே இருக்கும். கனித்தோலின் மேற்பரப்பு அமைப்பையும் ஒப்பிடுவர். சிறிதளவு கலப்படம் நுண்ணோக்கிக்குத் தப்பக்கூடும் என்பதால், அனிசாட்டினைக் கண்டறியும் வேதிப் பரிசோதனையும் தேவைப்படும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• கைக்குழந்தைகளுக்கு அன்னாசிப்பூ நீர் கொடுக்காதீர்கள். முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதுமானது.
• அடையாளம் தெரியாத கனிகளையும், மூலம் அறியாத பொடியையும் தவிர்த்திடுங்கள்.
• இதை அருந்தியபின் வாந்தி, மிகுந்த எரிச்சலுடன் அழுகை, உடல் நடுக்கம், கண்கள் இயல்புக்கு மாறாக அசைதல், வலிப்பு ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வீட்டில் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள்.
• எஞ்சிய கனியையோ பொடியையோ உடன் எடுத்துச் செல்லுங்கள். அதன் நுண்ணமைப்பே நோயின் காரணத்தை மருத்துவருக்கு உணர்த்தக்கூடும்.