பின்விளக்குக் கண்ணாடியும் யாழ்ப்பாணத்துப் பழைய கார்களும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வீதிகளில் இன்றும் ஓடுகின்ற ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் முதலிய கார்களைக் காணும் வெளியூரார், இவ்வூரார் பழம்பொருள்கள்மீது கொண்ட பிரேமையினாலேயே அவற்றைப் பேணிவருகின்றனர் என்று வியந்து செல்வதுண்டு. அது பாதி உண்மைகூட அன்று. 1947இல் வெளிவந்த ஏ40 டெவனும், 1948இல் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியிலே அறிமுகமான மொறிஸ் மைனரும், டொக்டர்மார், அப்புக்காத்துமார், மலாயாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வூதியத்துடன் திரும்பியோர் போன்றவர்களின் முற்றங்களில் வந்து நின்றபோது நவீன வாகனங்களாகவே வந்து நின்றன. 1960களின் ஆரம்பத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறுகிய இறக்குமதிக் கட்டுப்பாடு 1977 வரை தளராதிருந்ததும், 1990இல் வடக்கின்மீது பொருளாதாரத் தடை விழுந்ததும் சேர்ந்தே அவற்றை ஓய்வுபெற விடாமல் உழைக்கவைத்தன.

இவ்வாறு உழைத்த காரிலே தேய்ந்த எஞ்சினைக் கடைசல் பட்டறை மீட்டுத் தந்தது. நெளிந்த தகரத்தைச் சுத்தியல் நிமிர்த்திற்று. ஆனால் அச்சில் வார்த்தெடுத்த சிவப்புப் பின்விளக்குக் கண்ணாடி உடைந்துபோனால், அதற்கு ஈடானதொன்றைச் செய்துதரக் கூடிய பட்டறை ஊரில் இருக்கவில்லை. ஆதலால், ஒரு காரின் சரித்திரத்தை அறிய விரும்புபவன் முதலில் அதன் பின்புறத்தைப் பார்ப்பதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

பார்க்கும்போது காரின் பெயரை மறந்துவிட வேண்டும். அக்காலத்து இங்கிலாந்தில் கார் செய்த ஸ்தாபனங்கள் பெரும்பாலும் விளக்குகளைத் தாமே செய்யவில்லை. பேர்மிங்காம் நகரின் ஜோசப் லூக்காஸ் கம்பனியிடமிருந்து வாங்கிப் பொருத்தின. ஆகவே ஒரே விளக்கு பல குலத்துக் கார்களிலும் காணப்படும். கண்ணாடியின் முகப்பிலோ விளிம்பிலோ லூக்காஸ் என்ற பெயரும், எல் என்னும் ஆங்கில எழுத்தும், 488, 594 என்பன போன்ற மூவிலக்க எண்ணொன்றும் புடைப்பாக வார்க்கப்பட்டிருக்கும். தூசியைத் துடைத்துச் சாய்ந்த வெளிச்சத்திலே பிடித்தால் எண் புலப்படும். அவ்வெண்ணே உண்மையான முகவரி. அடுத்து, பழையது கண்ணாடி, பிந்தியது பிளாஸ்ரிக். நமது வெயிலில் கண்ணாடியின் சிவப்பு மாறுவதில்லை, பிளாஸ்ரிக்கோ வெளிறி, மயிரிழைபோன்ற வெடிப்புகளுடன் நிற்கும். மேலும், இரண்டு சிவப்பு விளக்குகளும் இரண்டு பிரதிபலிப்பான்களும் இருத்தல் வேண்டும் என்ற விதி 1954 ஒக்ரோபரில் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்ததால், அதற்கு முந்திய கார் ஒன்றின் பின்புறத்திலே பிரதிபலிப்பானோடு கூடிய கண்ணாடி இருக்குமாயின், அது பிற்காலத்தில் ஏறியது என்று சந்தேகிக்க இடமுண்டு. திருப்பத்தைக் காட்டுவதற்குக் கதவுத் தூணிலிருந்து கைபோல எழுந்த குறிகாட்டியை மொறிஸ் மைனர் 1961இலேதான் கைவிட்டு, மின்னும் விளக்குக்கு மாறிற்று என்பதும் நினைவில் வைக்கத்தக்கது.

இலக்கத் தகட்டுக்கு ஒளி தருவதும் பின்விளக்கின் வேலையாயிருந்த கார்கள் உண்டு. கண்ணாடியின் ஒரு பகுதி நிறமின்றி விடப்பட்டிருப்பது அதற்காகவே. அந்தத் தகடு யாழ்ப்பாணத்தில் வெறுந்தகடாக இருந்ததில்லை. சிலோன் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளிலிருந்து எடுத்த ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. முதலிய தொடர்கள் முடிந்து, 1957இல் சிங்கள ஸ்ரீ எழுத்து தகட்டில் ஏறியபோது அதற்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்தது. 1958இல் அவ்வெழுத்தைத் தாங்கிய அரசாங்க பஸ்கள் வடக்குக்கு அனுப்பப்பட்டபோது அது மீண்டும் மூண்டு, எழுத்தின்மீது தார் பூசுமளவுக்குப் போயிற்று. சின்னஞ்சிறு வெள்ளை ஒளி எதன்மீது விழுவது என்பதே அன்று அரசியலாயிருந்தது.

யுத்த காலத்தில், அந்தத் தடையால் பெற்றோல் அரிதானபோது, கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, புகை கக்கியபடி அவை சென்றதை அறியாத யாழ்ப்பாணத்தவர் இல்லை. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் யுத்தத்தால் இடம்பெயர்ந்து நாவற்குழி வழியாகத் தென்மராட்சியை நோக்கி நகர்ந்தபோது, பின்விளக்கைப் பற்றி யார் கவலைப்பட்டிருப்பார்கள்? 2002 ஏப்ரலில், குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்த பிறகே கொழும்புப் பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகள் மறுபடி எட்டும் தூரத்துக்கு வந்தன.

மாற்றும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். இறப்பர் உறைக்குள் அமரும் வகையிலே, வெளியே தெரியும் வெள்ளி வளையத்தை இறப்பரின் ஒரு மடிப்பும், கண்ணாடியை மற்றொரு மடிப்பும் பற்றிக்கொண்டிருக்கும். பல வருஷ வெயிலில் இறப்பர் இறுகியிருக்குமாதலால், சோப்புத் தண்ணீர் பூசி ஊறவிட்டு, முனை மழுங்கிய தட்டையான கருவியினால் மடிப்பைச் சிறிது சிறிதாக உயர்த்தி முதலில் வளையத்தையும் பின்னர் கண்ணாடியையும் எடுக்க வேண்டும். ஸ்க்றூ டிறைவரால் நெம்பினால் இரண்டும் போய்விடும். உள்ளே இரட்டை இழை பல்பின் முளைகள் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இருப்பது பிழையாகச் செருகாதிருக்கவே. பிறேக்கை மிதிக்கும்போது விளக்கு பிரகாசிக்காமல் மங்கினால், கண்ணாடியைக் குறைகூறாது, துருவேறிய எர்த் தொடர்பைச் சுரண்டிப் பார்க்கவும். நிறமற்ற கண்ணாடிக்குச் சிவப்புப் பெயின்ற் பூசும் தந்திரம் மட்டும் வேண்டாம். பின்னால் வரும் லொறிச் சாரதிக்கு அது விளக்கே அன்று.

மொறிஸ் மைனருக்குப் புதிய கண்ணாடிகள் இன்றும் இங்கிலாந்தில் செய்யப்படுகின்றன; அவற்றை வரவழைப்பதில் இப்போது பெரிய சிரமமில்லை. ஏ40 வைத்திருப்போருக்கு அந்த வசதி குறைவு. ஆகையால், உடைந்த பழைய கண்ணாடியைக் குப்பையில் எறியாதீர்கள். அதன் எண்ணைக் காரின் புத்தகத்திலே குறித்து, துண்டுகளை ஒரு தகரப் பெட்டியில் இட்டு வையுங்கள். அச்செடுத்து வார்க்கத் தெரிந்த ஒருவன் நாளை வந்தால், அவன் முதலில் கேட்பது அதையே.