கைமாறி வளர்ந்த விளையாட்டுகள்: டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் முதல் அட்வென்ச்சர் வரை

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது 1974இல் அமெரிக்காவில் வெளியான மேசை விளையாட்டு. ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரின் பாத்திரத்தை ஏற்று ஆடுவது இதன் முறை. அட்வென்ச்சர் என்பது அதற்கு ஓரிரு ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட கணினி விளையாட்டு. இன்றைய கணினி விளையாட்டுகளில் நாம் பார்க்கும் பலவற்றின் வேர் இவ்விரண்டிலும் இருக்கிறது. படிப்படியாக 'லெவல்' உயர்வது, அடிபட்டால் குறையும் 'ஹிட் பாயிண்ட்', இருட்டறைகளில் புதையல் தேடுவது ஆகியவை சில எடுத்துக்காட்டுகள்.

இவ்விரண்டையும் எந்தப் பெருநிறுவனமும் திட்டமிட்டு உருவாக்கவில்லை. ஓய்வு நேரத்தில் விளையாடியவர்கள் தமக்குப் பிடித்ததை நண்பர்களுக்குக் காட்டினார்கள். நண்பர்கள் அதைப் படியெடுத்தார்கள், மாற்றினார்கள், வேறொருவரிடம் கொடுத்தார்கள். அப்படியே இவை உருவாயின. அச்சுக்கோ விற்பனைக்கோ போன இடத்தில்தான் 'இது யாருடையது?' என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கேள்வியோடு சேர்த்தே இவற்றின் வரலாற்றைப் படிக்க வேண்டும்.

எதிராளி தேவை

படைகளை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டு ஐரோப்பாவில் பழையது. பிரஷ்ய இராணுவத்தில் 1824 முதலே அதிகாரிகளின் பயிற்சிக்கு அது பயன்பட்டது. எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் விதிகளை 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற நூலாக வெளியிட்டார். அமெரிக்காவில் இதைக் கடையில் வாங்கும் பொருளாக்கியவர் சார்லஸ் ராபர்ட்ஸ். 1954இல் 'டாக்டிக்ஸ்' என்ற விளையாட்டை விற்ற அவர், 1958இல் பால்டிமோரில் அவலான் ஹில் நிறுவனத்தைத் தொடங்கினார்.

இந்த விளையாட்டுகளை வாங்கியவர்களுக்கு ஒரு பெரிய சிக்கல் இருந்தது. விதிகள் பல பக்கங்கள் நீளும், ஓர் ஆட்டம் முடிய மணிக்கணக்காகும். வாங்கியவருடைய ஊரில் அதை ஆட இன்னொருவர் கிடைப்பது அரிது. அவலான் ஹில் 1964இல் தொடங்கிய 'தி ஜெனரல்' இதழில் 'எதிராளி தேவை' என்று ஒரு விளம்பரப் பகுதி வந்தது. அதைப் பார்த்துப் பலர் கடிதம் எழுதிக்கொண்டனர், அஞ்சல் அட்டையிலேயே நகர்வுகளை எழுதி அனுப்பி ஆடினர். முகம் தெரியாதவர்களை ஒரு விருப்பம் இணைத்தது இப்படித்தான். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இந்த முகவரிப் பட்டியல்களே அடித்தளம் என்பேன்.

இந்தக் கடிதக்காரர்களில் ஒருவர் கேரி கைகாக்ஸ். விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் குடியிருந்தபடி, சிகாகோவில் காப்பீட்டுத் துறையில் வேலை பார்த்தார். 1967இல் சில நண்பர்கள் அவர் வீட்டில் கூடி விளையாடினார்கள். மறு ஆண்டு வீடு போதாது என்று ஊரிலிருந்த ஹார்ட்டிகல்சுரல் ஹால் என்னும் கட்டடத்தை 50 டாலருக்கு வாடகைக்கு எடுத்தார். ஏறத்தாழ 100 பேர் வந்தனர். 'ஜென் கான்' என்ற அந்தச் சந்திப்பு இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது, பல்லாயிரம் பேர் வருகிறார்கள். 1969ஆம் ஆண்டுச் சந்திப்பில் கைகாக்ஸ், மினசோட்டாவிலிருந்து வந்த டேவ் ஆர்னசன் என்ற இளைஞரைச் சந்தித்தார்.

ஒரு கோட்டைக்கு அடியில்

ஆர்னசனின் நண்பர் குழுவில் டேவிட் வெஸ்லி என்பவர் 1969இல் ஒரு சோதனை செய்தார். நெப்போலியன் காலத்து ஜெர்மானிய நகரம் ஒன்றைக் கற்பனை செய்து அதற்கு 'பிரவுன்ஸ்டைன்' என்று பெயரிட்டார். படைத்தலைவர்கள் மட்டுமன்றி நகர மேயர், வங்கியாளர், பல்கலைக்கழகத் தலைவர் என்று ஆளுக்கொரு பாத்திரம் கொடுத்தார். ஆட்டம் தொடங்கியதும் எல்லாரும் தனித்தனியே வந்து அவரிடம் தங்கள் திட்டங்களைச் சொல்லத் தொடங்கினார்கள். ஆட்டம் அவர் கையை மீறிப் போய்விட்டது. சோதனை தோற்றது என்று வெஸ்லி நினைத்தார். ஆடியவர்களோ இன்னொரு முறை நடத்தச் சொன்னார்கள்.

அந்த முறையை எடுத்துக்கொண்ட ஆர்னசன் 1971 வாக்கில் 'பிளாக்மூர்' என்ற கற்பனை நாட்டையும், அங்கே ஒரு கோட்டைக்கு அடியில் சுரங்க அறைகளையும் அமைத்தார். பேய்களும் பூதங்களும் அங்கே இருந்தன. சண்டைக்குத் தேவையான விதிகளை முதலில் கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் 1971இல் வெளியிட்ட 'செயின்மெயில்' நூலிலிருந்து எடுத்தார். போதாத இடத்தில் தாமே விதி செய்துகொண்டார். ஓர் ஆட்டத்தில் பிழைத்த பாத்திரம் அடுத்த வாரமும் தொடரும், அனுபவம் கூடக்கூட வலிமையும் கூடும். ஒரே நாளில் முடிகிற ஆட்டம் மாதக்கணக்கில் நீளும் கதையாக மாறியது இந்த ஒரு மாற்றத்தால்தான்.

1972இன் பிற்பகுதியில் ஆர்னசன் லேக் ஜெனீவாவுக்குச் சென்று கைகாக்ஸின் வீட்டில் இதை ஆடிக் காட்டினார். கைகாக்ஸ் அவரிடம் குறிப்புகளைக் கேட்டு வாங்கினார், தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்து அவற்றை விதிகளாக விரித்து எழுதினார். ஆர்னசனின் ஆட்டத்தை ஆர்னசன் இருந்தால் மட்டுமே ஆட முடிந்தது. அவரைப் பார்த்தே இராதவர்களும் ஆடும்படி செய்தது கைகாக்ஸின் எழுத்து. இருவரில் யார் உண்மையான படைப்பாளி என்று இன்றும் வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்தில் வெஸ்லியின் பெயர் விடுபட்டுப் போவதுதான் எனக்குக் குறையாகத் தெரிகிறது.

ஆயிரம் பெட்டிகள்

பதிப்பிக்க யாரும் முன்வராததால் கைகாக்ஸ் 1973இல் தம் பள்ளித் தோழர் டான் கேயுடன் சேர்ந்து டிஎஸ்ஆர் நிறுவனத்தைத் தொடங்கினார். பிரையன் புளூம் என்ற மற்றொரு ஆட்டக்காரர் 2,000 டாலர் கொடுத்துப் பங்குதாரரானார். 1974 தொடக்கத்தில் 1,000 பெட்டிகள் வெளிவந்தன. ஒவ்வொன்றிலும் மூன்று சிறு நூல்கள், விலை 10 டாலர். பெட்டிகளை அவர்களே வீட்டில் வைத்துக் கையால் அடுக்கினார்கள். ஓராண்டுக்குள் எல்லாம் விற்றன.

பகடைகளைப் பற்றி ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். நமக்குத் தெரிந்த பகடைக்கு ஆறு முகம். இந்த விளையாட்டுக்கு 4, 8, 12, 20 முகங்கள் கொண்ட பகடைகளும் தேவை. கைகாக்ஸுக்கு அவை கிடைத்தது ஒரு பள்ளிக் கல்விப் பொருள் நிறுவனத்தின் விலைப்பட்டியலில். சீர்மையான திண்மங்களை மாணவருக்கு விளக்க உருவான கற்பித்தல் கருவி, பூதத்தை வெட்டுவதற்கு வந்து சேர்ந்தது!

அந்த முதல் பெட்டி தனியாக நிற்கும் பொருளாக இல்லை. வாங்கியவரிடம் 'செயின்மெயில்' நூல் இருக்கும் என்று அது எதிர்பார்த்தது. காட்டுப் பயணத்துக்கு அவலான் ஹில்லின் 'அவுட்டோர் சர்வைவல்' பலகையைப் பயன்படுத்தச் சொன்னது. வேறொரு நிறுவனத்தின் பொருளை இப்படிக் கூச்சமில்லாமல் சேர்த்துக்கொள்ள முடிந்தது, எழுதியவர்களும் படித்தவர்களும் ஒரே வட்டத்தினர் என்பதால்தான். மூன்றாம் நூலின் முடிவுரை, சந்தேகம் வந்தால் எங்களைக் கேட்காதீர்கள், நீங்களே கற்பனை செய்து முடிவெடுங்கள் என்ற பொருளில் பேசியது.

வாசகர்கள் அதை அப்படியே செய்தார்கள். கல்லூரி மாணவருக்கு 10 டாலர் பெரிய தொகை. ஒருவரின் நூல் நகல் இயந்திரத்தில் ஏறிப் பல கைகளுக்குப் போனது. 1975இல் லாஸ் ஏஞ்சலிஸில் லீ கோல்ட் என்பவர் 'அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்' என்ற சுற்றிதழைத் தொடங்கினார். எழுத விரும்பும் ஒவ்வொருவரும் தம் பக்கங்களை அனுப்புவார், அவர் எல்லாவற்றையும் தொகுத்து அனைவருக்கும் அனுப்புவார். தம் வீட்டு விதி, தாம் படைத்த விலங்கு, சென்ற வாரம் ஆடிய கதை, மற்றவர் எழுதியதற்கு மறுமொழி என்று எல்லாம் அதில் வந்தன. இதழ் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது.

ஆனால் நிறுவனம் வளர்ந்தபின் கைகாக்ஸின் குரல் மாறியது. 1977 முதல் வந்த 'அட்வான்ஸ்ட்' பதிப்பின் விதிகளை மாற்றி ஆடுவது அந்த விளையாட்டையே ஆடுவதாகாது என்று எழுதலானார். அந்தப் பதிப்பின் நூல்களில் ஆசிரியராக அவர் பெயர் மட்டுமே இருந்தது. தமக்குரிய உரிமத்தொகை கேட்டு ஆர்னசன் 1979இல் வழக்குத் தொடுத்தார். 1981இல் சமரசம் ஏற்பட்டது.

குகைக்குள் கணினி

1970களில் கணினி என்பது நிறுவனங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் இருந்த பெரிய இயந்திரம். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 'பிளேட்டோ' என்ற கல்விக் கணினி அமைப்பு இருந்தது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடிப் பழகிய மாணவர்கள் 1975லேயே அதில் சுரங்க விளையாட்டு எழுதிவிட்டார்கள். ஒன்றின் பெயர் 'பெடிட்5'. பாடக் கோப்புக்கு ஒதுக்கிய பெயரில் அது ஒளிந்திருந்தது. நிர்வாகிகள் கண்டுபிடித்து அழித்தார்கள். ஆனால் அதற்குள் மற்றவர்கள் பார்த்துவிட்டார்கள், தாங்களும் எழுதத் தொடங்கினார்கள்.

மாசசூசெட்ஸில் வில் கிரௌதர் என்ற நிரலாளர் இருந்தார். இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டை அமைத்த சிறு குழுவில் ஒருவர். ஓய்வு நேரத்தில் மனைவியுடன் கென்டக்கியின் மாமத் குகைத் தொடரில் இறங்கி வரைபடம் தயாரித்தவர். நண்பர்களுடன் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸும் ஆடியவர். மணமுறிவுக்குப்பின் பிரிந்து வாழ்ந்த தம் மகள்கள் வரும்போது விளையாடட்டும் என்று 1975-76இல் ஃபோர்ட்ரான் மொழியில் 'அட்வென்ச்சர்' நிரலை எழுதினார். படம் கிடையாது. நீங்கள் நிற்கும் இடத்தைக் கணினி சொற்களால் விவரிக்கும், நீங்கள் ஓரிரு சொற்களில் கட்டளை தட்ட வேண்டும். குகையின் வழிகள் பெரும்பாலும் அவர் நடந்து அளந்த உண்மையான வழிகளே.

நிரல் வலையமைப்பில் கணினி விட்டுக் கணினி போனது. ஸ்டான்ஃபோர்டில் டான் வுட்ஸ் என்ற மாணவர் ஒரு படியைக் கண்டார். அதை விரிவாக்க விரும்பினார், ஆனால் எழுதியவர் எங்கே என்று தெரியவில்லை. அர்ப்பாநெட்டில் அன்றிருந்த ஒவ்வொரு கணினிக்கும் கிரௌதர் என்ற பயனர் பெயரிட்டு மின்னஞ்சல் அனுப்பினார். மறுமொழி வந்தது, கிரௌதர் மூலநிரலைக் கொடுத்தார். இதை இக்கதையின் மிகச் சிறந்த கட்டமாகக் கருதுகிறேன். படி கையில் இருந்தும், எழுதியவரைத் தேடிப்பிடித்துக் கேட்டிருக்கிறார். வுட்ஸின் விரிவான பதிப்பு 1977இல் பரவியது. அது வந்து சேர்ந்த அலுவலகங்களில் இரண்டு வாரம் வேலை நடக்கவில்லை என்று கணினித் துறையினர் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

பெயருக்கு வந்த வழக்குகள்

அட்வென்ச்சரை ஆடி முடித்த எம்ஐடி மாணவர்கள் சிலர் 1977இல் 'சோர்க்' எழுதினார்கள். அதை ஒருவர் ஃபோர்ட்ரானில் மாற்றி எழுத, 'டஞ்சன்' என்ற பெயரில் அது பரவியது. அந்தச் சொல் தமக்குரியது என்று டிஎஸ்ஆர் தரப்பிலிருந்து எதிர்ப்பு வந்தது, பழைய பெயரே நிலைத்தது. இதே டிஎஸ்ஆர், அதற்குச் சற்று முன்புதான் டோல்கீன் நூல்களின் உரிமைதாரர் தரப்பு எதிர்த்ததால் தன் நூலிலிருந்த 'ஹாபிட்' என்ற இனத்தை 'ஹாஃப்லிங்' என்று மாற்றியிருந்தது. 1979இல் சோர்க் குழுவினர் இன்ஃபோகாம் நிறுவனத்தைத் தொடங்கி விற்பனைக்கு வந்தனர்.

டிஎஸ்ஆர் 1997இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்தின் கைக்குப் போனது. அடிப்படை விதிகளை யாரும் எடுத்துத் தம் நூல்களில் பயன்படுத்தலாம் என்ற திறந்த உரிமத்தை அந்நிறுவனம் 2000இல் வழங்கியது. அதை நம்பிப் பல சிறு பதிப்பாளர்கள் தொழில் நடத்தினார்கள். 2023 ஜனவரியில் அந்த உரிமத்தை விலக்கிக் கடுமையான ஒன்றைக் கொண்டுவரும் வரைவு கசிந்தது. ஆட்டக்காரர்கள் பெருந்திரளாக எதிர்த்தனர், பலர் நிறுவனத்தின் இணையச் சந்தாவை நிறுத்தினர். அந்த மாதமே நிறுவனம் பின்வாங்கி, சுமார் 400 பக்க விதித்தொகுப்பைத் திரும்பப் பெற முடியாத கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது.

அட்வென்ச்சரின் கதை வழக்கில்லாமல் முடிந்தது. கிரௌதர் எழுதிய முதல் நிரல் தொலைந்துவிட்டது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 2005இல் வுட்ஸின் மாணவக் கணக்கின் பழைய காப்புப்படியில் அது கிடைத்தது. டென்னிஸ் ஜெர்ஸ் என்ற ஆய்வாளர் குகைக்கே சென்று நிரலோடு ஒப்பிட்டு 2007இல் கட்டுரை வெளியிட்டார். கிரௌதர் குகையை மட்டுமே எழுதினார், மாயங்களைச் சேர்த்தவர் வுட்ஸ் என்று அதுவரை சொல்லப்பட்டு வந்தது. கோடரி எறியும் குள்ளர்களும் மந்திரச் சொல்லும் முதல் நிரலிலேயே இருந்தன. 2017இல் இருவரின் ஒப்புதலுடனும் எரிக் ரேமண்ட் பிற்காலப் பதிப்பொன்றைத் திறந்த மூலநிரலாக வெளியிட்டார். இன்று விரும்பிய எவரும் அதைப் பதிவிறக்கிப் படிக்கலாம், மாற்றலாம்.